குண்டூசி ஒளித்துவைத்த கைகள்

டமார டீச்சருக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியம் சொன்னால்கூட மூன்று வீடு தள்ளி யாராவது "அப்படியா?" என்று கேட்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மேடைக் கச்சேரிக் குழு ஒன்றில் கோரஸ் பாடிக்கொண்டிருந்தாள். முன்னால் நின்று பாடுகிறவளுக்கு மைக்கைக் கூட்டி வைப்பார்கள். பின்னால் நின்ற இவளுக்கு மைக்கையே பிடுங்கிவிட்டார்கள். அப்படியும் இவள் குரல்தான் கேட்டது. "நீ கோரஸ் பாடுறியா, கோர்ட்டுக்கு ஆள் கூப்பிடுறியா?" என்று கேட்ட குழுத் தலைவர், ஒருநாள் பெரிய கும்பிடாகப் போட்டு அவளை அனுப்பிவிட்டார்.

அதன் பிறகுதான் டயர் கடை மாடியில் இருந்த குழந்தைகள் பள்ளிக்கு வேலை கேட்டுப் போனாள். பள்ளியை நடத்துகிறவரை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். "பாட வருமா?" என்று பெரிய மேடம் கேட்ட நேரம், கீழே லாரி டயரைச் சுத்தியலால் அடித்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலையும் மீறி இவள் சொன்ன "வரும் மேடம்" தெருமுனை வரை போனது. வேறு கேள்வி எதுவும் கேட்காமல் நாளைக்கே வரச் சொல்லிவிட்டார்.

வேலை என்னவென்றால், "ஆட்டம் பாட்டம்" என்று ஒரு பீரியட். முந்தைய டீச்சர்கள் அதில் டேப்பைப் போட்டுவிட்டு ஜன்னலோரம் கொட்டாவி விடுவார்களாம். டமார டீச்சர் அப்படி இல்லை. அவளுக்கு ஒரு கட்சி உண்டு. அதை யார் சிக்கினாலும் சொல்லித் தீர்ப்பாள். குழந்தைக்கு எழுத்து விரலிலிருந்து வராது, தோளிலிருந்துதான் இறங்கி வரும். தோள் ஆடி, முழங்கை மடங்கி, உள்ளங்கை பிசைந்து, கடைசியாகத்தான் விரல் நுனிக்குச் சாமர்த்தியம் வந்து சேரும். நடுவில் எதையும் விட்டுவிட்டு மூன்று வயசுப் பிள்ளை கையில் பென்சிலைத் திணித்தால், அது பென்சிலைத் தின்னும், எழுதாது.

அதனால் முதலில் கையை ரயில் சக்கரமாகச் சுற்றவைப்பாள். பிறகு கைதட்டல். பிறகு ஆளுக்கு ஒரு துணி கிளிப்; அதைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் அமுக்கி, அவள் அடிக்கிற டமாரத்துக்குச் சரியாக 'டப் டப்' என்று திறந்து மூட வேண்டும். பிறகு ஒரு துணித் துண்டு. பாட்டு முடிவதற்குள் அதை ஒரே கையால் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் ஒளித்துவிட வேண்டும். கடைசியில் விரல் பாட்டு. "கட்டைவிரலாரே வாங்க வாங்க, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்க" என்று அவளே கட்டிய பாட்டு. கட்டைவிரல் ஒவ்வொரு விரலாகப் போய்த் தொட்டுவிட்டு வரவேண்டும். சுண்டுவிரல் வீட்டுக்குப் போவதற்குள் பாதிப் பிள்ளைகளுக்கு நாக்கு வெளியே வந்துவிடும்.

பலன் இல்லாமலா போகும்? வந்த புதிதில் சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்கத் தெரியாமல் அழுத பிள்ளைகள், சில மாதத்தில் அடுத்தவன் டப்பாவையும் திறந்து தின்ன ஆரம்பித்தார்கள். பெற்றோர்கள் மூக்கு விடைக்க மாடியேறி வந்தார்கள். ஒருத்தன் ஷாம்பு பாட்டிலைத் திறந்து நாய்க்குட்டி மேல் முழுக்கக் கொட்டிவிட்டான். இன்னொருத்தி, வீட்டுக்கு வந்த மாமாவின் சட்டைப் பொத்தான்களை, அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள். டமார டீச்சர் புகாரை முழுசாகக் கேட்டுவிட்டு, "தானாவே கழட்டினாளா? யாரும் பிடிச்சு விடலையே? ஐயோ, என் கெட்டிக்காரி!" என்று கை கொட்டுவாள். திட்ட வந்தவர்கள் வந்த வழியே படியிறங்கிப் போவார்கள்.

இதெல்லாம் ஊரார் பிள்ளைகள் கதை. சொந்தப் பிள்ளை கதைக்கு வருவோம்.

டமார டீச்சருக்கு ஒரே மகள். ஒல்லி, கூர்மை, தொட்டால் குத்துவாள். அதனால் குண்டூசி என்று பெயர் வந்துவிட்டது. அவளும் அதே பள்ளியில், அம்மாவின் வகுப்பிலேயே இருந்தாள். மற்ற பிள்ளைகள் கிளிப்பைத் திறந்து மூடிக் கும்மாளம் போடும்போது, குண்டூசி இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் போல உட்கார்ந்திருப்பாள். பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. பென்சிலைக் கொடுத்தால் முஷ்டிக்குள் வைத்துக் காகிதத்தைக் குத்துவாள். காலையில் அவளுக்குப் பொத்தான் போட்டு, சாயங்காலம் கழற்றுவது இன்னமும் அம்மாவின் வேலைதான்.

பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. வருஷக் கடைசியில் பெரிய மேடம் ஒவ்வொரு பிள்ளையையும் எதிரே உட்காரவைத்துப் பார்ப்பார். பொத்தான் போட வேண்டும், பென்சிலைச் சரியாகப் பிடித்து ஒரு வளைவு போட வேண்டும், காகிதத்தில் வரைந்த வட்டத்தைக் கோட்டின் மேலேயே கத்தரிக்க வேண்டும். இதெல்லாம் வந்தால் எதிர்க் கட்டடத்தில் இருக்கும் ஒன்றாம் வகுப்பு. வராவிட்டால் இன்னொரு வருஷம் அதே குட்டி நாற்காலி.

"உங்க பொண்ணு தேற மாட்டா போலிருக்கே டீச்சர்" என்றாள் எழுத்து டீச்சர். எழுதச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். சொன்னதில் கவலை பாதி, குஷி பாதி. "ஊர்ப் பிள்ளைங்க விரலையெல்லாம் வளைச்சுட்டீங்க. வீட்டுப் பிள்ளை விரல் மட்டும் விறைச்சுக்கிட்டு நிக்குது."

டமார டீச்சருக்கு ஈட்டி பாய்ந்தது போல இருந்தது. கூட்டாளிகள் எல்லாம் மேலே போய்விட, தன் மகள் மட்டும் புதுப் பொடிசுகளோடு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தாள். அதைவிட மோசமான ஒன்றும் அவளுக்குள் இருந்தது. எல்லோர் முன்னாலும் மகள் தன் மானத்தை வாங்குகிறாள் என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. நாலரை வயசுக் குழந்தையைப் பார்த்து வெட்கப்படுகிறோமே என்று அதை நினைத்து இன்னொரு வெட்கம்.

அன்றிலிருந்து வீட்டில் போர்தான். பல் தேய்க்க ஒரு பாட்டு, செருப்பு மாட்ட ஒரு பாட்டு, பொத்தானுக்கு இரண்டு பாட்டு.

"பாடாதம்மா. காது வலிக்குது."

"விரலை அசைடி, நான் நிறுத்தறேன்."

"நீ நிறுத்து, அப்புறம் அசைக்கிறேன்."

நிறுத்தினாள். அசைக்கவில்லை. அம்மாவும் மகளும் இப்படி மல்லுக்கு நிற்க, புருஷன் கண்ணாடி முன்னால் தலை வாரியபடி சிரித்துக்கொண்டிருந்தார். அவர் தெருக்கோடியில் சலூன் வைத்திருந்தார். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் ஒரே பதில்தான் உண்டு: "வளர்ந்தா சரியாயிடும்." முடிக்குச் சொல்கிற வாக்கியத்தையே மகளுக்கும் சொல்கிறார் என்று டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பள்ளி முடிந்ததும் டமார டீச்சர் வேனில் போய்ப் பிள்ளைகளை வீடு வீடாக இறக்கிவிட வேண்டும். அந்த நேரம் குண்டூசி சலூனில்தான் இருப்பாள். ஒருநாள் வேன் மக்கர் பண்ணி, பெற்றோர்களே வந்து பிள்ளைகளை அழைத்துப் போனதால், டீச்சர் வழக்கத்தைவிட முன்னதாகச் சலூனுக்கு வந்தாள். கண்ணாடிக் கதவில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் ஒருவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஸ்டூல் மேல் குண்டூசி. கையில் தண்ணீர் அடிக்கிற பாட்டில். பாட்டின் தாளத்துக்கு 'புஸ்... புஸ்... புஸ்' என்று, விரலை விட்டு விட்டு அமுக்கி அடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பு ஆடியது, தோள் ஆடியது. பிறகு பாட்டிலை வைத்துவிட்டு முனை மழுங்கிய சின்னக் கத்தரியை எடுத்தாள். முடி வெட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வெட்டு வெட்டுவார்கள். அடுத்த வெட்டுக்கு முன்னால் கத்தரியைக் காற்றில் சும்மா தட்டுவார்கள். அப்பா 'சக் சக் சக்' என்று காற்றில் தட்டிவிட்டு 'சரக்' என்று முடியை வெட்ட, மகளும் 'சக் சக் சக்' என்று தட்டிவிட்டு 'சரக்' என்று பழைய பேப்பரை வெட்டினாள். பேப்பர் நேர்கோட்டில் இறங்கியது. டமார டீச்சர் ஒரு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியும் வராத அத்தனையும் அந்த ஸ்டூல் மேல் நடந்துகொண்டிருந்தது.

கதவைத் தள்ளினாள். குண்டூசி திரும்பினாள். கத்தரி அலமாரிக்குப் போனது, இரண்டு கைகளும் தொடைக்குக் கீழே போய்விட்டன.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று புருஷனைப் பிடித்தாள்.

"எது? சும்மா விட்டா கல்லாவை நோண்டுதும்மா. அதான் பாட்டிலைக் கையில குடுத்தேன்."

"இவளுக்குக் கை வரலைன்னு நான் பைத்தியம் பிடிச்சு அலையறேன். இங்க இப்படி வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கை வரலைன்னு யார் சொன்னது? போன வாரம் ஒருத்தர் காதுக்குள்ள குறி பார்த்துத் தண்ணி அடிச்சுது. ஒரு சொட்டு வெளிய போகல. அவர் இப்ப எதிர்க் கடையில வெட்டிக்கிறாரு."

நாற்காலியில் இருந்தவர் ஒரு கண்ணைத் திறந்து, "அம்மா, என் தலை பாதியில நிக்குது" என்றார்.

"நிக்கட்டும்!" என்றாள் டீச்சர். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் மகள் பக்கம் திரும்பினாள். "ஏண்டி, இங்க இவ்வளவு ஆட்டம் போடுறியே, என் கிளாஸ்ல மட்டும் உனக்கு என்னடி வந்துச்சு?"

குண்டூசி தரையில் கிடந்த முடியைப் பார்த்தபடி சொன்னாள்: "நீ எல்லார் விரலையும் பிடிச்சுப் பிடிச்சுச் சொல்லித் தருவே. என்கிட்ட வந்ததும் தாண்டிப் போயிடுவே."

உண்மைதான். விரல் பாட்டில் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு, அந்தப் பிஞ்சு விரல்களைத் தன் கைக்குள் வைத்து மடக்கிக் காட்டுவாள். குண்டூசி பள்ளியில் சேர்ந்த புதிதில் எழுத்து டீச்சர் "சொந்தப் பிள்ளைக்குத் தனிக் கவனிப்போ?" என்று ஒரு கொக்கி போட்டிருந்தாள். அன்றிலிருந்து டமார டீச்சர் மகளிடம் வரும்போது மட்டும் நிற்காமல் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவாள். ஓரவஞ்சனை என்று ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது பாருங்கள். அந்த நியாயத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"அது... உனக்குச் சலுகை குடுக்கறேன்னு சொல்லிடுவாங்கன்னுடி..."

"சலுகைன்னா என்ன?"

புருஷன் சிரித்துத் தொலைத்தார். டீச்சர் முறைத்த முறைப்பில், மிச்ச முடியை வெகு அக்கறையாக வெட்ட ஆரம்பித்தார்.

மறுநாளே வகுப்பில் எல்லாவற்றையும் சரி செய்துவிடுவதென்று கிளம்பினாள். வட்டத்தில் மகள் முன்னால் மண்டியிட்டு, தொடைக்கடியிலிருந்து கையை உருவி, "கட்டைவிரலாரே" என்று ஆரம்பித்தாள். குண்டூசி கையைக் கொடுத்தாள், விரலைக் கொடுக்கவில்லை. "எல்லாரும் பாக்குறாங்கம்மா, விடு" என்று பல்லைக் கடித்தபடி சொன்னாள். ஒரு வருஷக் கோபம் ஒரு காலைப்பொழுதில் கரைய அது என்ன சர்க்கரையா? அடுத்த நாளும் முயன்றாள். அதற்கடுத்த நாளும். எழுத்து டீச்சர் வராந்தாவிலிருந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெரிய மேடம் பார்க்கிற நாள் வந்தது. வழக்கமாக அந்த அறையில் குறிப்பெழுத எழுத்து டீச்சர் இருப்பாள்; டமார டீச்சரும் இருப்பாள், பிள்ளைகளுக்குத் தாளம் போட. குண்டூசியின் முறை வந்ததும் டமாரத்தைக் கீழே வைத்தாள்.

"மேடம், இவளுக்கு மட்டும் நான் வெளிய இருக்கேன்."

"அப்ப தாளம் யார் போடறது?"

"கீழ டயர் கடைக்காரர் போடுறார் மேடம். அது போதும்."

பெரிய மேடம் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். டீச்சர் வெளியே வந்து, கதவைச் சாத்தி, மாடிப்படியில் உட்கார்ந்தாள். தான் இருந்தால் அந்தக் கைகள் வெளியே வராது என்று அவளுக்குத் தெரிந்துபோயிருந்தது. பெற்ற பிள்ளைக்குத் தான் செய்யக்கூடிய உபகாரம் எழுந்து போவதுதான் என்றால், அதை ஏற்றுக்கொள்ள அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கீழே சுத்தியல் 'டொக் டொக் டொக்' என்று அடித்தது. மேலே சத்தமே இல்லை. பிறகு கத்தரி தட்டும் சத்தம் லேசாகக் கேட்டது. தட்டுகிறாளா, வெட்டுகிறாளா? காதைக் கதவுப் பக்கம் நீட்டினாள்.

அப்போதுதான் உள்ளே பெரிய மேடம் அலறினார்.

டீச்சர் கதவை உடைக்காத குறையாக உள்ளே பாய்ந்தாள். மேஜை மேல் காகித வட்டம் ஒன்று கிடந்தது. கோட்டைவிட்டு நூலளவும் நகரவில்லை. அதன் பக்கத்திலேயே, சாயம் போட்ட கருகருவென்ற முடிக்கற்றை ஒன்றும் கிடந்தது. பெரிய மேடம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். விரல்களுக்கு நடுவில், சற்று முன்வரை புருவத்தை மூடியிருந்த முன்முடி, இப்போது நட்டநடு நெற்றியில் சீராக நின்றது.

"கண்ணுல விழுந்துச்சு" என்றாள் குண்டூசி. அவளைப் பொறுத்தவரை கேஸ் அவ்வளவுதான். வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேடம் குனிந்திருக்கிறார். முடி தொங்கியிருக்கிறது. குண்டூசி அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, காற்றில் மூன்று தட்டு தட்டி, நாலாவதில் வெட்டிவிட்டாள். அப்பா வெட்டுகிற மாதிரியேதான்.

எழுத்து டீச்சர் ஒரு பைலால் வாயை மூடியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. "வட்டம் சரியா வந்திருக்கு மேடம்" என்றாள், மூச்சை அடக்கிக்கொண்டு. "பொத்தானும் போட்டுட்டா. வளைவும் போட்டுட்டா."

"வட்டத்தை யார் கேட்டா இப்ப!"

டமார டீச்சருக்கு வாய் வரை வந்துவிட்டது. மூன்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு "அடியேய்!" தொண்டையில் தயாராக நின்றது. அதற்குள் குண்டூசியின் கைகள் மெல்ல மெல்லத் தொடைப் பக்கம் நகர்வதைப் பார்த்தாள். அந்த "அடியேய்" அப்படியே விழுங்கப்பட்டது. வாழ்க்கையில் அவள் விழுங்கிய முதல் சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

"மன்னிச்சுக்குங்க மேடம். தப்புதான்" என்றாள். அவளுக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக வந்தது. "ஆனா கோணாம வெட்டியிருக்கா."

பெரிய மேடம் கைப்பைக் கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். இடமும் வலமும் திரும்பிப் பார்த்தார். கோணல் ஏதாவது அகப்பட்டால் கோபத்துக்கு வசதியாக இருந்திருக்கும். அகப்படவில்லை. அதில் இன்னும் கோபம் வந்து, "இந்தப் பொண்ணு இன்னொரு வருஷம் என் கண்ணு முன்னாடி இந்த வகுப்புல உட்காரக் கூடாது. ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பித் தொலைங்க!" என்று கத்தினார்.

இருவரும் சந்தடியில்லாமல் வெளியே வந்து, மாடிப்படி திரும்புகிற இடத்தில் நின்றார்கள். டீச்சருக்குச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. சத்தம் மேலே கேட்டுவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

"நான் பெரிய கிளாஸ் போறேனா?" என்றாள் குண்டூசி.

"போறடி."

"அங்க உன் பீரியட் இருக்கா?"

"இல்ல. ஒண்ணாம் வகுப்புக்கு ஆட்டம் பாட்டம் கிடையாது."

"அப்ப சரி" என்றாள் குண்டூசி. முகமெல்லாம் நிம்மதி.

டமார டீச்சருக்குச் சுருக்கென்றது. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. எத்தனையோ பேர் அவளைப் பாடாதே என்று அனுப்பியிருக்கிறார்கள். இதுபோல யாரும் அனுப்பியதில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த படிக்குக் காலை வைத்தவள், தடுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே பாய்ந்த வேகத்தில் செருப்பின் வார் அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"விழுந்துடுவேம்மா. நில்லு. காலைக் காட்டு" என்றாள் குண்டூசி.

படியில் உட்கார்ந்து அம்மாவின் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள். வாரைப் பக்கிளுக்குள் விட்டாள். வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. மறுபடி விட்டாள். நாக்கு வெளியே வந்தது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அந்தச் சின்னக் கம்பியைத் தேடித் தேடிப் பிடித்தன. துளைக்குப் பக்கத்தில் வந்தது, தப்பியது, மறுபடி வந்தது. கொஞ்சம் இடது பக்கம், அவ்வளவுதான், ஒரே ஒரு வரி பாடினால் போதும், போய் விழுந்துவிடும். டீச்சர் உதட்டை இறுக்கிக்கொண்டாள். கீழே வேன்காரர் ஹாரன் அடித்தார். பிறகு நீளமாக ஒரு முறை அடித்தார். ஒற்றைக் காலில், கைப்பிடியைப் பிடித்தபடி, டமார டீச்சர் வாயைத் திறக்காமல் நின்றாள்.